டெக்கின் முதுகு ஒரு மாதிரி, கம்ப்யூட்டரின் முதுகு வேறு மாதிரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரணிலிருந்து இறக்கிய மினி-டீவீ கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு போன் செய்பவர்களும், யாரோ கழித்துக்கட்டிய டிஜிட்டல் பீட்டாகேம் டெக்கை (டேப்பை ஓட்டும் ஸ்டுடியோ இயந்திரத்தை) வாங்கிப்போட்டுவிட்டு "இதை எங்கே சொருகுறது?" என்று கேட்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நான் முன்பு கல்யாண வீடியோ எடிட்டர். இப்போது பழைய டேப்புகளை ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக்கொடுக்கிறேன். தொலைக்காட்சிப் பெட்டியோடு குழம்பக்கூடாது என்பதற்காக, டிஜிட்டல் வீடியோ என்ற அந்த டேப் வடிவத்தை இங்கே 'டீவீ' என்றே எழுதுகிறேன்.

அண்ணே, டெக் இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு. ரெண்டையும் எந்த ஒயர் போட்டு இணைக்கிறது?

ஒயரைப் பிறகு பார்க்கலாம். முதலில் டெக்கைத் திருப்பி அதன் முதுகைப் போட்டோ எடுங்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும்.

முதலாவது ஃபயர்வயர். சோனி இதற்கு ஐ-லிங்க் என்று பெயர் வைத்தது. சில கேமராக்களில் 'டீவீ இன்/அவுட்' என்று மட்டும் அச்சடித்திருக்கும். எல்லாம் ஐ.இ.இ.இ-1394 என்ற ஒரே தரம்தான். டீவீ டேப்பை ஓட்டும்போது இதன் வழியாக வருவது படம் அல்ல, டேப்பில் பதிந்திருக்கும் தரவு. கம்ப்யூட்டர் அதை அப்படியே கோப்பாக எழுதிக்கொள்கிறது. பென் டிரைவிலிருந்து காப்பி செய்வது போலத்தான். தரம் இம்மியும் குறையாது.

இரண்டாவது எஸ்.டி.ஐ. திருகிப் பூட்டும் பி.என்.சி முனையில் வரும். டேப்பில் சுருக்கிவைத்திருக்கும் படத்தை டெக்கே விரித்து, முழுப் படமாக வினாடிக்கு 270 மெகாபிட் வேகத்தில் அனுப்பும். இதுவும் டிஜிட்டல்தான். ஆனால் டேப்பில் இருந்த கோப்பு உங்களுக்குக் கிடைப்பதில்லை. விரிந்த படத்தை உங்கள் கம்ப்யூட்டர் புதிதாகப் பதிவு செய்கிறது.

மூன்றாவது அனலாக். மஞ்சள் முனைக் காம்போசிட், நாலு பின் எஸ்-வீடியோ, மூன்று ஒயர் காம்பொனன்ட்.

முனை பொருந்துகிறதா என்பதை அடாப்டர் கடைக்காரர் பார்த்துக்கொள்வார். அந்த ஒயரில் வருவது தரவா, படமா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். தரவாகவே எடுக்கக்கூடிய டேப்பைப் படமாக எடுத்துக் கெடுக்காதீர்கள். தரவாகத் தரத் தெரியாத டெக்கிடம் அதைக் கேட்டு அடாப்டர் தேடியும் அலையாதீர்கள். கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்து கிளைத்தவைதான்.

என் மினி-டீவீ கேமராவிலேயே யூ.எஸ்.பி இருக்கே, அது போதாதா?

அநேகமாகப் போதாது. அந்தக் காலத்து கேமராக்களில் யூ.எஸ்.பி வைத்தது மெமரி கார்டில் எடுத்த போட்டோவை இறக்கவும், வெப்கேம் போலப் பயன்படுத்தவும்தான். யூ.எஸ்.பி 1.1-ன் உச்ச வேகமே வினாடிக்கு 12 மெகாபிட். டீவீ படத்துக்கு மட்டும் 25 மெகாபிட் வேண்டும். அதனால் கேமரா படத்தைச் சிறிதாக்கி, கசக்கி அனுப்பும். பிற்காலத்து மாடல்கள் சிலவற்றில் யூ.எஸ்.பி 2.0 வழியாக முழு டீவீயும் வரும். ஆனால் உங்களுடையது அதில் ஒன்று என்று நம்பி இறங்க வேண்டாம். பக்கத்திலேயே ரப்பர் மூடிக்குள் சின்ன நாலு பின் ஓட்டை ஒன்று இருக்கும், அதைத் தேடுங்கள்.

ஒரு முனை ஃபயர்வயர், மறுமுனை யூ.எஸ்.பி உள்ள ஒயர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குதே?

வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். உள்ளே எந்தச் சிப்பும் இல்லாமல் கம்பியைக் கம்பியோடு சேர்த்துவிட்டால் இரண்டு மொழிகள் பேசிக்கொள்ளாது. ஃபயர்வயரில் சாதனங்கள் சமமாக உட்கார்ந்து பேசிக்கொள்ளும். யூ.எஸ்.பியில் ஒருவர் முதலாளி, மற்றவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்பவர்கள். வேலை செய்யாது என்பதோடு போனாலும் பரவாயில்லை. ஃபயர்வயரின் மின்கம்பியில் 30 வோல்ட் வரை வரலாம், யூ.எஸ்.பி 5 வோல்ட்டுக்காகச் செய்தது. ஒயரைத் தப்பாகச் சேர்த்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்போ ஃபயர்வயரே இல்லாத புது கம்ப்யூட்டரில் என்னதான் செய்வது?

டெஸ்க்டாப் வைத்திருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு ஒன்று வாங்கிச் சொருகினால் போதும். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ள கார்டாகப் பாருங்கள். டெக்கோடு ஒத்துப்போவதில் அதற்குத்தான் நல்ல பெயர். விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்த பதிப்புகளில் கார்டைக் கண்டுகொண்டும் டெக்கோடு தகராறு செய்தால், மைக்ரோசாஃப்டின் பழைய 1394 டிரைவரை நிறுவி, டிவைஸ் மேனேஜரில் 'லெகஸி' என்று முடியும் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

மடிக்கணினியில் எக்ஸ்பிரஸ்-கார்டு பொந்து இருந்த காலம் போய்விட்டது. இப்போது வழி தண்டர்போல்ட்தான். மேக்கில் இது மூன்று கண்ணிச் சங்கிலி. தண்டர்போல்ட் 3-லிருந்து 2-க்கு ஓர் அடாப்டர், தண்டர்போல்ட் 2-லிருந்து ஃபயர்வயர் 800-க்கு இன்னொன்று, அதிலிருந்து நாலு பின்னுக்கு ஒரு ஒயர். பார்ப்பதற்குக் கோமாளித்தனமாக இருக்கும், ஆனால் டேப் அழகாக இறங்கும். இதில் இரண்டு குழிகள். தண்டர்போல்ட் 2-ம் மினி டிஸ்ப்ளேபோர்ட்டும் ஒரே வடிவம், அதனால் மானிட்டருக்கான அடாப்டரை வாங்கிவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு. யூ.எஸ்.பி-சி வடிவத்தில் இருக்கும் ஓட்டை எல்லாம் தண்டர்போல்ட்டும் அல்ல.

மேக் வைத்திருப்பவர்களுக்கு அதைவிட முக்கியமான செய்தி: 2025-ல் வந்த மேக்-ஓ.எஸ் 26 டஹோவில் ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டார்கள். டேப் வேலை பாக்கி இருந்தால் அப்டேட் பொத்தானை அமுக்காதீர்கள். நான் இந்த வேலைக்கென்றே 2012 நடுவில் வந்த பழைய மேக்புக் புரோ ஒன்றை வைத்திருக்கிறேன். ஃபயர்வயர் ஓட்டையோடு வந்த கடைசி மேக் மடிக்கணினி அது. இன்டர்நெட்டோடு இணைப்பதில்லை. டேப் ஓட்டுவதைத் தவிர அதற்கு வேறு வேலையும் இல்லை.

லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு இன்னும் சுலபம். கெர்னலிலேயே ஃபயர்வயர் இருக்கிறது. டீவீகிராப் என்ற சின்ன நிரல் டேப்பை இறக்கி, ஒவ்வொரு ஷாட்டாகப் பிரித்து, எடுத்த தேதியையும் கோப்பின் பெயரில் எழுதிவிடும்.

நாலு பின், ஆறு பின், ஒன்பது பின் என்கிறார்களே, எது எதோடு சேரும்?

நாலு பின் கேமராவிலும் சின்ன டெக்கிலும் இருப்பது, அதில் மின்சாரம் இல்லை. ஆறு பின்னில் இருக்கும் கூடுதல் இரண்டு பின்னும் மின்சாரத்துக்கு. இரண்டும் ஃபயர்வயர் 400. ஒன்பது பின் ஃபயர்வயர் 800. சரியான ஒயர் இருந்தால் மூன்றும் ஒன்றோடு ஒன்று பேசும். டீவீ ஓட்டம் எல்லாமாகச் சேர்ந்து வினாடிக்கு 30 மெகாபிட்டைத் தாண்டாது என்பதால் 800 இருந்தும் வேகம் கூடப்போவதில்லை. ஒயர் நீளம் நாலரை மீட்டருக்குள் இருக்கட்டும்.

ஆறு பின்னைச் சொருகும்போது மட்டும் கண்ணால் பார்த்துச் சொருகுங்கள். 2006 வாக்கில் மறுநாள் ரிசப்ஷன் டிவிடி கொடுக்க வேண்டிய அவசரத்தில், மேஜைக்கு அடியில் கையை விட்டு, தடவியே சொருகினேன். ஓட்டையின் தகரம் நெகிழ்ந்து ஒயர் தலைகீழாகப் போய்விட்டது. மின்சாரம் தரவுக் கம்பியில் ஏறி டெக்கின் ஃபயர்வயர் அன்றோடு செத்தது. டேப் ஓடும், படம் மானிட்டரில் வரும், கம்ப்யூட்டருக்கு மட்டும் அந்த டெக் கடைசிவரை தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: இரண்டு பக்கமும் அணைத்துவிட்டு, ஒயரைச் சொருகி, பிறகு டெக், கடைசியில் கம்ப்யூட்டர். ஓடும்போதே சொருகலாம் என்று ஃபயர்வயர் விளம்பரத்தில் சொன்னார்கள். என் டெக்கை வைத்து அதைச் சோதிக்க எனக்கு மனமில்லை.

ஒயர் சரி, கார்டு சரி, டெக் பெயரும் தெரியுது. ஆனா கேப்சர் (டேப்பைக் கோப்பா இறக்குற) விண்டோ கறுப்பாவே இருக்கு.

கேமராவாக இருந்தால் அது வி.சி.ஆர் அல்லது பிளே நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியில் ஓடினால் சில கேமராக்கள் பாதியில் தூங்கிவிடும், அடாப்டர் போடுங்கள். டெக்காக இருந்தால், ஐ-லிங்கைத் தேர்ந்தெடுக்க ஒரு சுவிட்சோ மெனுவோ இருக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் டேப்பைச் சந்தேகியுங்கள். ஓட்டை ஃபயர்வயர்தான், ஆனால் அதில் வருவது டீவீயாக இல்லாமல் இருக்கலாம். சோனி 2001-ல் மைக்ரோ-எம்.வி என்று தீப்பெட்டி அளவுக் கேசட் ஒன்று கொண்டுவந்தது. அதிலும் ஐ-லிங்க் ஓட்டைதான். உள்ளே ஓடுவது எம்பெக்-2 என்ற வேறு வகைச் சுருக்கம். சாதாரண டீவீ கேப்சர் மென்பொருள் எதற்கும் அது புரியாது. எச்-டீவீ என்ற எச்.டி டேப் வடிவமும் அப்படித்தான்.

எச்-டீவீ டேப்பும் மினி-டீவீ கேசட்தானே, ஏன் வேற மாதிரி நடந்துக்குது?

கேசட் ஒன்றுதான், பதிவு வேறு. 2003-ல் அறிவித்த எச்-டீவீ, அதே டேப்பில் 1440-க்கு 1080 படத்தை எம்பெக்-2 ஆகச் சுருக்கி எழுதுகிறது. ஃபயர்வயரில் வருவது டீவீ அல்ல, டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் என்ற எம்பெக் தரவு ஓட்டம். அதனால் டீவீகிராப் போன்ற எச்-டீவீ தெரிந்த மென்பொருள் வேண்டும்.

சோனி கேமராக்களிலும் டெக்குகளிலும் மெனுவுக்குள் இரண்டு அமைப்பு உண்டு. ஒன்று டேப்பை எச்-டீவீயாகப் படிப்பதா, டீவீயாகப் படிப்பதா என்பது. மற்றது ஐ-லிங்கில் அனுப்பும்போது டீவீயாக இறக்கி அனுப்புவதா என்பது. இரண்டாவதை யாராவது போட்டுவைத்திருந்தால் எச்.டி டேப்பிலிருந்து சாதாரண டீவீதான் வரும். நீங்களும் டேப் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்வீர்கள். மாற்றும்போது ஒயரைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள். ஒரே டேப்பில் பாதி டீவீ, பாதி எச்-டீவீ என்று எடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களை ஆண்டவன்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. டீவீயில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனி, டேப்பில் ஒரு கீறல் இருந்தால் சில கட்டங்கள் சிதறுவதோடு போகும். 50 ஹெர்ட்ஸ் எச்-டீவீயில் 12 ஃப்ரேம் சேர்ந்து ஒரு குடும்பம். அதே கீறல் அரை வினாடிப் படத்தை நிறுத்திவிடும்.

டிஜிட்டல் பீட்டா டெக்கின் பின்னால் ஃபயர்வயரே காணோமே?

பெரும்பாலும் இருக்காது. 1993-ல் சோனி டிஜிட்டல் பீட்டாகேமைக் கொண்டுவந்தபோது அதை வாங்கியவர்கள் ஒளிபரப்பு நிலையங்கள். அவர்களுடைய கட்டடம் முழுக்க எஸ்.டி.ஐ ஓடியது. ஃபயர்வயர் தரமே 1995-ல்தான் முடிவானது. டேப்பில் இருப்பது 10 பிட், 4:2:2 (நிறத் தகவல் எவ்வளவு விவரமாக இருக்கிறது என்பதன் குறியீடு), வினாடிக்கு ஏறக்குறைய 90 மெகாபிட் வரும் சோனியின் சொந்தச் சுருக்கம். அதைக் கோப்பாக வெளியே எடுத்தாலும் பிரிக்க மென்பொருள் கிடையாது. இங்கே படத்தைத்தான் வாங்க வேண்டும், அதற்கு எஸ்.டி.ஐதான் ராஜபாட்டை.

வேண்டியவை: எஸ்.டி.ஐ இன்புட் உள்ள கேப்சர் கார்டு அல்லது பெட்டி (பிளாக்மேஜிக், ஆஜா இரண்டும் விற்கிறார்கள்), 75 ஓம் ஒயர் ஒன்று, டெக்கைக் கம்ப்யூட்டரிலிருந்து ஓட்ட ஆர்.எஸ்-422 என்ற கட்டுப்பாட்டு ஒயர் ஒன்று. பிளாக்மேஜிக் பெட்டி வாங்கும்போது 422 ஓட்டை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், சிறிய மாடல்களில் இராது.

அந்த 75 ஓம் விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பி.என்.சி முனை உள்ள எல்லா ஒயரும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். பழைய கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்குப் போட்ட 50 ஓம் ஒயரும் அப்படித்தான். அதைப் போட்டால் சில சமயம் படம் வரும், சில சமயம் மினுக்கும், நீங்கள் கார்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அதே டெக்கில் காம்போசிட் அவுட்டும் பி.என்.சிதான், எஸ்.டி.ஐயும் பி.என்.சிதான். தப்பான ஓட்டையில் சொருகிவிட்டு 'சிக்னல் இல்லை' என்று உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் ஒருமுறையாவது நடக்கும்.

ஆடியோவுக்குத் தனி ஒயர் பெரும்பாலும் வேண்டாம், நாலு சேனலும் எஸ்.டி.ஐக்குள்ளேயே பயணிக்கும். மென்பொருளில் இரண்டு சேனலை மட்டும் பதிவு செய்யச் சொல்லியிருந்தால் மூன்றும் நாலும் போய்விடும். நிகழ்ச்சிகளில் பேச்சும் இசையும் தனித்தனிச் சேனலில் இருப்பது உண்டு. நாலையும் எடுங்கள்.

பிளாக் பர்ஸ்ட் ரெஃபரன்ஸ் (எல்லாக் கருவிகளையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் சிக்னல்) வேண்டுமா என்றும் கேட்பார்கள். டேப்பிலிருந்து இறக்குவதற்கு மட்டும் என்றால் அது இல்லாமலும் நடக்கும். டேப்பின் நடுவில் ஃப்ரேம் கணக்காகச் செருகி எழுத வேண்டுமானால் டெக்குக்கும் கார்டுக்கும் ஒரே ரெஃபரன்ஸ் கொடுத்தே ஆக வேண்டும்.

422 ஒயர் போட்டாச்சு. ஆனா கம்ப்யூட்டரிலிருந்து பிளே அமுக்கினா டெக் அசையவே மாட்டேங்குது.

டெக்கின் முகப்பில் 'ரிமோட் / லோக்கல்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது லோக்கலில் இருக்கும். நான் ஜோசியம் சொல்லவில்லை. இந்தக் கேள்விக்குப் போனில் நான் சொன்ன பதில்களில் முக்கால்வாசி அதுதான். ரிமோட்டிலேயே '9 பின்' என்றும் வேறொன்றும் தேர்வு இருந்தால் 9 பின்னை வையுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் ஒயரைப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டும் ஒன்பது பின்தான். ஆனால் அது ஆர்.எஸ்-232. முனை அச்சு அசலாகப் பொருந்தும், மின்னழுத்தமும் கம்பி அமைப்பும் வேறு. 232-க்கும் 422-க்கும் நடுவில் மாற்றிப் பெட்டி வேண்டும். யூ.எஸ்.பி-யிலிருந்து நேராக 422-க்கு மாற்றுபவையும் கிடைக்கின்றன. மென்பொருளில் வேகத்தைக் கேட்டால் 38,400, ஒற்றைப்படைப் பாரிட்டி, எட்டு பிட், ஒரு ஸ்டாப் பிட். சோனியின் இந்த ஒன்பது பின் மொழியை மற்றக் கம்பெனிகளும் எடுத்துக்கொண்டதால் பானாசோனிக், ஜே.வி.சி ஸ்டுடியோ டெக்குகளுக்கும் இதே கணக்குதான்.

டெக் ஓடுகிறது, ஆனால் கேப்சர் ஓரிரு ஃப்ரேம் தள்ளி ஆரம்பிக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். படம் ஒரு ஒயரில் வருகிறது, டைம்கோடு (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் டேப்பில் உள்ள நேர எண்) இன்னொரு ஒயரில் வருகிறது, இரண்டும் கொஞ்சம் முன்பின் ஆகும். டெக்கின் மானிட்டர் அவுட்டில் டைம்கோடு எழுத்தாகத் தெரியும்படி வைத்து, அதையே ஒரு நிமிடம் பதிவு செய்து, கோப்பில் காட்டும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். எத்தனை ஃப்ரேம் வித்தியாசமோ அதை மென்பொருளின் ஆஃப்செட் இடத்தில் போட்டுவிட்டால் தீர்ந்தது.

என் டெக்கில் எஸ்.டி.ஐ மட்டும், எடிட்டிங் சிஸ்டத்தில் ஃபயர்வயர் மட்டும். நடுவில் பாலம் போட முடியாதா?

முடியும். கேனோபஸ் ஏ.டி.வி.சி-1000 போன்ற பெட்டிகள் அதற்கென்றே வந்தவை. ஒரு பக்கம் எஸ்.டி.ஐ வாங்கி, மறுபக்கம் டீவீயாக ஃபயர்வயரில் கொடுக்கும். எடிட்டிங் சிஸ்டத்துக்கு அது ஒரு டீவீ கேமரா போலத் தெரியும். டெக்கை ஓட்ட 422 தனியாக வேண்டும்.

ஆனால் எதை இழக்கிறீர்கள் என்று தெரிந்து செய்யுங்கள். டிஜிட்டல் பீட்டாவின் 10 பிட் படம் 8 பிட் ஆகிறது. நிறத் தகவல் 4:2:2-லிருந்து, பால் (PAL) என்ற நம் ஊர் வீடியோ முறையில் எழுதும் டீவீயின் 4:2:0-க்கு இறங்குகிறது. அதாவது 720-க்கு 576 படத்தில் நிறம் 360-க்கு 288 தான். மணப்பெண்ணின் அரக்குச் சிவப்புப் பட்டில் ஜரிகை ஓரம் கரைந்து பக்கத்து நிறத்தில் வழிவது இதனால்தான். சிவப்பு எழுத்தில் டைட்டில் போட்டிருந்தால் விளிம்பு படிக்கட்டாகும். அவசரத்துக்கு, யூடியூபில் ஏற்ற மட்டும் என்றால் சரி. பத்திரப்படுத்தத்தான் எடுக்கிறீர்கள் என்றால் இந்தப் பாலத்தில் ஏறாதீர்கள், எஸ்.டி.ஐ கார்டை வாடகைக்காவது எடுங்கள்.

எஸ்.டி.ஐயை எச்.டி.எம்.ஐ ஆக்கி, அதை மலிவான யூ.எஸ்.பி கேப்சர் குச்சியில் சொருகும் வழியும் உண்டு. படம் வரும். ஆனால் இன்டர்லேஸ் படத்தின் இரண்டு ஃபீல்டையும் (ஒன்றுவிட்ட வரிகளாகப் பிரித்த இரண்டு பாதிப் படங்களையும்) அந்தக் குச்சி தன் இஷ்டத்துக்கு ஒட்டி, கூடவே கசக்கியும் எழுதும். பிரித்தெடுக்கவே முடியாது. டேப்பில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு மட்டும் அது போதும்.

தலைகீழாக, டெக்கில் ஃபயர்வயரும் எஸ்.டி.ஐயும் இருக்கு. எதை எடுக்கட்டும்?

டேப் மினி-டீவீயோ டீவீகேமோ (டீவீயின் சோனி தொழில்முறை வடிவம்) என்றால் ஃபயர்வயர். எஸ்.டி.ஐ விலை உயர்ந்தது என்பதால் தரமும் உயர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 25 மெகாபிட்டில் பதிந்ததை விரித்து எழுதினால் கோப்புதான் பெருக்கும், படம் பெருக்காது. தவிர, டீவீ தரவில் எந்தக் கட்டம் டேப்பில் படிக்க முடியாமல் போய் டெக் இட்டுநிரப்பியது என்ற குறிப்பும் சேர்ந்தே வருகிறது. எஸ்.டி.ஐயில் அந்தக் குறிப்பு தொலைந்துவிடும். டீவீரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி அந்தக் குறிப்பைப் படித்து, ஒரே டேப்பை இரண்டு மூன்று முறை இறக்கிய கோப்புகளிலிருந்து நல்ல கட்டங்களைப் பொறுக்கி ஒன்றாக்கித் தரும். கெட்டுப்போன டேப்புக்கு இதைவிடப் பெரிய உதவி நான் கண்டதில்லை.

அனலாக் மட்டுமே இருக்கிற வி.எச்.எஸ், ஹை-8 டேப்புக்கு?

காம்போசிட்டைவிட எஸ்-வீடியோ மேல். ஹை-8 என்றால் பழைய டேப்பையும் ஓட்டும் டிஜிட்டல்-8 கேமரா ஒன்றைத் தேடுங்கள், அது அனலாக்கைத் தானே டீவீயாக்கி ஃபயர்வயரில் கொடுத்துவிடும். வி.எச்.எஸ்ஸுக்கு ஏ.டி.வி.சி-110 போன்ற பெட்டி. இது தனிக் கதை, இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

கனடாவில் இருக்கிற அக்கா வீட்டுக் கல்யாண டேப். இங்கே போட்டா படம் வரலை.

அங்கே என்.டி.எஸ்.சி என்ற வீடியோ முறை, இந்தியாவிலும் இலங்கையிலும் பால். நம் ஊர் மினி-டீவீ கேமராக்களில் பல, என்.டி.எஸ்.சி டேப்பைச் சரியாக ஓட்டுவதில்லை. சோனியின் டி.எஸ்.ஆர்-11 டெக் இரண்டையும் ஓட்டும், சிறிய கேசட்டையும் பெரிய கேசட்டையும் வாங்கும், டீவீ, டீவீகேம் இரண்டும் படிக்கும். முதுகில் ஐ-லிங்க் இருக்கிறது. புலம்பெயர்ந்த குடும்பங்களின் டேப் எனக்கு நிறைய வருவதால், வாங்கியதிலேயே பிரயோஜனமான பொருள் அதுதான். பிராஜெக்டையும் என்.டி.எஸ்.சியிலேயே வைத்து இறக்குங்கள். பாலாக மாற்றுவதை, மாற்றத்தான் வேண்டும் என்றால், கடைசியில் செய்யலாம்.

எவ்வளவு இடம் பிடிக்கும்?

டீவீ ஒரு மணி நேரத்துக்கு 13 ஜி.பி. எச்-டீவீயும் ஏறத்தாழ அவ்வளவுதான். எஸ்.டி.ஐயில் 10 பிட் சுருக்காமல் எழுதினால் மணிக்கு 100 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் ஃபேட்-32 அமைப்பில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜி.பியைத் தாண்டாது, டீவீ கேப்சர் 20 நிமிடத்தில் நின்றுவிடும். 'டேப்பில் 20 நிமிடம்தான் இருக்கு' என்று ஒருவர் எனக்குத் திருப்பிக் கொடுத்த கேசட்டில் முழு ஒரு மணி நேரமும் இருந்தது.

ஆள் நகரும்போது படம் சீப்புப் பல் மாதிரி கிழியுது, இல்லேன்னா முன்னும் பின்னுமா ஆடுது.

சீப்புப் பல் தெரிவது இயல்பு, இன்டர்லேஸ் படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் பார்த்தால் அப்படித்தான். முன்னும் பின்னும் ஆடுவதுதான் தப்பு. டீவீயில் கீழ் ஃபீல்டு முதலில் வரும், பாலிலும் அப்படியே. எஸ்.டி.ஐ வழியாக எடுத்த பால் படத்தில் மேல் ஃபீல்டு முதல். இரண்டு வழியிலும் எடுத்த கோப்புகளை ஒரே டைம்லைனில் போட்டால் ஒன்று சரியாக ஓடும், மற்றது ஆடும். அந்தக் கோப்பின் ஃபீல்டு வரிசையை மட்டும் மாற்றினால் சரியாகிவிடும்.

படத்தில் கட்டம் கட்டமா வருது. ஒயர் கோளாறா, டேப் கோளாறா?

டேப்பைப் பின்னால் சுற்றி அதே இடத்தை மறுபடி ஓட்டுங்கள். கட்டம் அதே நொடியில் வந்தால் டேப். இடம் மாறி மாறி வந்தால், அதிலும் வரி வரியாகப் பட்டை போல வந்தால், ஹெட்டில் (டேப்பைப் படிக்கும் முனையில்) அழுக்கு. கட்டமே இல்லாமல் படம் துள்ளித் துள்ளி ஓடி, மென்பொருள் 'டிராப் ஃப்ரேம்' என்று கணக்குச் சொன்னால் அது கம்ப்யூட்டர் பக்கம்: ஹார்ட் டிஸ்க் தாமதமோ ஒயர் தளர்வோ.

எல்.பி வேகத்தில் (டேப்பை மெதுவாக ஓட்டி அதிக நேரம் பதியும் முறையில்) எடுத்த டேப் என்றால், எடுத்த கேமராவிலேயே ஓட்டிப் பார்ப்பதுதான் முதல் முயற்சி. அதில் தடம் மிக ஒடுக்கம், வேறு கேமராவின் ஹெட் அதன்மேல் நிற்பது அதிர்ஷ்டம். டீவீகேமில் தடத்தின் அகலம் 15 மைக்ரான், சாதாரண டீவீயில் 10, எல்.பியில் அதைவிடக் குறைவு.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து வரும் கேசட்டுகளில் ஜன்னல் வழியே வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் தயவுசெய்து டெக்கில் போடாதீர்கள். அந்த டேப்போடு போகாது, ஹெட்டில் ஒட்டி அடுத்த டேப்புக்கும் பரவும்.

படம் சரி. ஆனா ஒரு மணி நேரம் போகப் போக உதடும் சத்தமும் சேரலை.

கேமரா மெனுவில் ஆடியோ 12 பிட் என்று இருந்திருக்கும். அது 32 கிலோஹெர்ட்ஸ். பிராஜெக்ட் 48-ல் இருந்தால் மென்பொருளைப் பொறுத்துத் தகராறு வரும். பிராஜெக்டை டேப்புக்கு ஏற்றபடி மாற்றுங்கள். 16 பிட், 48-லேயே எடுத்திருந்தும் நழுவினால், வீட்டு டீவீ கேமராக்களில் சத்தமும் படமும் ஒரே கடிகாரத்தில் பூட்டப்படுவதில்லை என்பது காரணம். டீவீகேம் அதைப் பூட்டி எழுதுகிறது. டேப்பை ஒரே கோப்பாக இழுக்காமல் ஷாட் ஷாட்டாகப் பிரித்து இறக்கினால் நழுவல் சேர்ந்துகொண்டே போகாது.

எடிட் பண்ணினதை மறுபடி டேப்பில் எழுத முடியுமா?

டெக்கில் முடியும். ஐரோப்பாவுக்குச் செய்த பல கேமராக்களில் ஃபயர்வயர் வழியே எழுதும் வசதியைப் பூட்டிவைத்திருந்தார்கள். எழுத முடிந்தால் அது வீடியோ ரெக்கார்டர் ஆகிவிடும், அதற்குச் சுங்கவரி அதிகம். அப்படி ஒரு கேமரா கைக்கு வந்திருந்தால் ஒயரை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

இனிமேல் டெக் வாங்குவது புத்திசாலித்தனமா?

பத்து இருபது கேசட்தான் என்றால் வேண்டாம், வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். சோனி 2016 மார்ச்சோடு பீட்டாகேம் டெக் விற்பதையே நிறுத்திவிட்டது. புது ஹெட் கிடைப்பதும் அரிதாகிவருகிறது. நூற்றுக்கணக்கில் இருந்தால் வாங்கலாம். வாங்கும்போது ஹெட் ஓடிய மணிக்கணக்கை மெனுவில் காட்டச் சொல்லுங்கள், வீணாய்ப் போனாலும் பரவாயில்லை என்கிற டேப் ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டு, வெளியே எடுத்தபின் அதன் ஓரம் மடிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அனலாக் பீட்டா டேப்பும் கலந்து வைத்திருப்பவர்கள் டிஜிட்டல் பீட்டா டெக்கின் மாடல் எண்ணில் 500-க்கு முன்னால் 'ஏ' இருக்கிறதா என்று கவனியுங்கள். டி.வி.டபிள்யூ-ஏ500 பழைய பீட்டாகேம் எஸ்.பி (அனலாக்) டேப்பையும் ஓட்டும், வெறும் 500 ஓட்டாது.